நான் அழித்த திரி

மகனுக்கு,

உன் இணையக் கருத்துக்களத்தில் நீ ஒரு கேள்வி போட்டிருக்கிறாய். ஒருவர் தொடங்கிய திரியை, அதாவது ஒரு பேச்சையும் அதற்குக் கீழே வந்த பதில்களையும், அவரே அழிக்கலாமா, கூடாதா என்று. ஞாயிற்றுக்கிழமைவரை வாக்களிக்கலாம் என்றும் எழுதியிருக்கிறாய். தொண்ணூறு பதிலுக்கு மேல் வந்துவிட்டது. ஒருவர் எழுத்துச் சுதந்திரம் என்கிறார். இன்னொருவர் வரலாறு என்கிறார். மூன்றாமவர் இரண்டு பேரையும் மூடர் என்று ஏசிவிட்டுப் போயிருக்கிறார். நீ ஏன் இந்தக் கேள்வியைக் கேட்கிறாய் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வருகிற சனிக்கிழமை மனைவி பிள்ளையோடு மெல்பேர்ணுக்குப் போகிறாய், கிரெய்கிபர்னில் வாங்கிய புது வீட்டுக்கு. எனக்கும் விமானத்தில் இடம் போட்டிருக்கிறாய், ஆனால் பதினாறு நாளாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைக்கூட உன் மனைவியிடம்தான் நீட்டுகிறாய். பேசாதவனோடு எப்படிப் பேசுவது? அதனால் உன் களத்திலேயே எழுதுகிறேன், எல்லோரும் வாசிக்கட்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுப்பவர்கள் பொறுக்கட்டும், பொறுக்காதவர்கள் போகட்டும்.

முதலில் மற்றவர்களுக்கு ஒன்று. இங்கே "வினாகிரி" என்ற பெயரில் எழுதியது நான்தான். இந்தக் களத்தின் நிர்வாகியைப் பெற்றவள். மரண அறிவித்தல் பார்க்கத்தான் என் மகன் என்னைக் கணினிக்கு முன்னால் இருத்தினான். ஊரில் யார், கனடாவில் யார் என்று ஒவ்வொரு காலையும் பார்ப்பேன். பிறகு பார்ப்பது மட்டும் போதவில்லை, எழுதவேண்டும்போல் இருந்தது. மருமகள் பெயர் ஒன்று கேட்டாள். குசினி மேசையில் சமையலுக்கு ஊற்றும் புளிக்காடி, வினாகிரிப் போத்தல் நின்றது, அதையே போடு என்றேன். "உங்களுக்கு நல்ல பொருத்தம் மாமி" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. அவள் உன் களத்தை எட்டியும் பார்ப்பதில்லை, மகன். அது உன்னுடைய இரண்டாம் பெண்சாதி என்பாள். ஆகவே அப்போது வினாகிரி என்ன எழுதுகிறாள் என்று அவளுக்கும் தெரியாது, வினாகிரி யார் என்று உனக்கும் தெரியாது. ஒற்றை விரலால் தட்டித் தட்டி யாரையெல்லாம் கிழித்திருக்கிறேன் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். எனக்கு ஒருவர் செய்த பிழை நாற்பது வருடமானாலும் நேற்றுப்போல இருக்கும். அதை நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் தம்பி குலத்தை உனக்குக் கொஞ்சம் நினைவிருக்கும். அவனுக்கு இருபது வயது, உனக்கு ஒன்பது. அன்று விடிய ஊரைச் சுற்றிவளைத்தார்கள். எந்தச் சீருடை என்று எழுதினால் இதற்குக் கீழே வேறொரு சண்டை தொடங்கும், அதனால் எழுதவில்லை. துவக்கோடு வந்தார்கள், அது போதும். பக்கத்து ஊர்ச் சனத்தையும் சேர்த்து எல்லோரையும் எங்கள் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் ஒரு பக்கம் வெயிலில் இருத்திவிட்டு ஆண்களை வரிசையாக நடக்கவிட்டார்கள். வரிசையின் முனையில் கதிரை போட்டுத் தலையாட்டியை இருத்தியிருந்தார்கள். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அவனைத் தனியே இழுப்பார்கள். யார் அந்தச் சாக்குக்குள் என்று அறிய நிமிர்ந்து பார்த்த பெண்களுக்குத் துவக்குப்பிடியால் அடி. எனக்கு முன்னால் இருந்தவளின் மண்டை பிளந்து என் மடியில் இரத்தம் ஊற்றியது. உன் முகத்தை என் சேலைக்குள் அமுக்கிக்கொண்டு நான் நிலத்தையே பார்த்தேன். அப்படிப் பார்த்தால் தெரிவது கால்கள் மட்டும்தான். சாக்குப் போட்டவனின் இடது காலில் சின்னவிரல் இல்லை.

குலத்தின் கால்கள் வந்து அந்தக் கால்களுக்கு முன்னால் நின்றன. அவனுடைய செருப்பின் வார் அறுந்து நான் ஊசியால் தைத்துக் கொடுத்தது, அதனால் எனக்குத் தெரியும். அடுத்த நிமிடம் அவன் நிலத்தில் கிடந்தான். அங்கேயே, எல்லோருக்கும் முன்னால் அடித்தார்கள். அக்கா என்று கத்த வாயைத் திறந்தபோது துவக்குப்பிடி விழுந்து தாடை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. பல் மணலில் விழுந்ததைக் கண்டேன். எழும்பி ஓடிப்போய் ஒருவனின் கையைக் கடித்தேன். வாய்க்குள் அவன் தோல் வந்தது. வயிற்றில் உதைத்தான், அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் பனங்காணிக்குள் கிடந்தவனைக் கொண்டுவந்து நான்தான் கழுவினேன். தாடையைத் துணியால் தூக்கிக் கட்டினால்தான் முகம் முகம்போல இருந்தது. அன்றிலிருந்து எத்தனை ஊர், எத்தனை வீடு மாறியிருப்போம். போன இடமெல்லாம் நான் ஆட்களின் முகத்தைப் பார்க்கமுன் காலைப் பார்த்தேன். நீ சின்னப் பிள்ளையில் கேட்பாய், ஏன் அம்மா எப்போதும் குனிந்துகொண்டு நடக்கிறீர்கள் என்று.

இங்கே சிட்னியில் கோயிலுக்குப் போனால் எல்லோருடைய காலும் வெறுங்கால். சண்டை முடிந்து மூன்றாவது வருடம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அன்னதானத்துக்கு வரிசையாக நிலத்தில் இருந்தோம். எனக்கு எதிர்வரிசையில் ஒரு கிழவர் சம்மணம் போட முடியாமல் காலை நீட்டினார். இடது கால், சின்னவிரல் இல்லை. நான் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே போட்டேன். பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். எங்கள் பக்கத்து ஊர்ச் சந்தியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த மனிதர். இங்கேதான், மெரிலேண்ட்ஸில் மகளோடு இருக்கிறார் என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். கால் சரி, ஊரும் சரி. இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? நான் உன்னைக் கேட்கவில்லை, அவரைக் கேட்கவில்லை, ஒருவரையும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாளாக ஒற்றை விரலால் எழுதினேன். தலைப்பு, "தலையாட்டி மெரிலேண்ட்ஸில் இருக்கிறான்."

பெயரை நான் எழுதவில்லை. சந்தி, சைக்கிள் கடை, விரல் இல்லாத கால் என்றுதான் எழுதினேன். ஒரு மணித்தியாலத்துக்குள் ஒருவர் பெயரைச் சொல்லி இவரா என்று கேட்டார். நான் "ஓம், அவன்தான்" என்று பதில் போட்டேன். அந்த இரண்டு சொல்லையும் எழுத எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த நாள் வேறொருவர் தெருவின் பெயரை எழுதினார், இன்னொருவர் வீட்டு இலக்கத்தை எழுதினார். தோலை உரி, காலை வெட்டு, நாய்க்குப் போடு என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தது. ஒவ்வொன்றையும் நான் இரண்டு முறை வாசித்தேன். அவ்வளவு ருசி. ஒரே ஒருவர் மட்டும் இப்படி எழுதினார்: "பொறுங்கோ. அந்த ஐயாவோட நான் ஒரே இடத்தில வேலை செய்தனான். அந்த விரல் இங்க போனது. பெட்டி தூக்கிற மெசின் காலில ஏறினது." நான் அவருக்கு எழுதிய பதில், "நீ அவன்ர கையாள், உன்ர காலையும் காட்டு." நாற்பது பேர் அதைப் பாராட்டினார்கள். மகன், நீயும் அந்தத் திரியைப் பார்த்தாய். "கண்ணியமாக எழுதவும்" என்று சிவப்பில் ஒரு வரி போட்டாய், மூடவில்லை. வருடம் முழுக்க வராத கூட்டம் அந்த ஒரு கிழமையில் வந்தது. அன்று நீ சாப்பிடும்போதுகூடக் கணினியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். இதை உன்னைக் குத்துவதற்கு எழுதவில்லை. இல்லை, கொஞ்சம் குத்தத்தான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை பட்டப்பகலில் மூன்று பேர் போனார்கள். அவர் குப்பை வாளியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாராம். முதல் அடி கிரிக்கெட் மட்டையால் முகத்தில். தாடை உடைந்து இரண்டாகப் போனது. விழுந்தவரின் நெஞ்சில் ஏறி மிதித்தார்கள். ஒருவன் வேலியோரம் கிடந்த செங்கல்லை எடுத்து, மற்றக் காலிலும் ஒரு விரலை எடுப்போம் என்று சொல்லி இரண்டு பாதத்தையும் குத்தினான். அவருடைய மனைவி ஜன்னலில் நின்று கத்திக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று உன் மனைவி ஹரிஸ் பார்க் கடைக்குப் போய்வந்து பையை வைக்கமுன்னரே சொன்னாள்.

"மாமி, கேட்டனீங்களே? மெரிலேண்ட்ஸில ஒரு வயசுபோன ஐயாவைப் போட்டு அடிச்சிருக்கினமாம். தாடையெல்லாம் உடைஞ்சிட்டுதாம்."

"ஆராம்?"

"ஊரில தலையாட்டினவர் எண்டு கடையில கதைக்கினம். செத்தாலும் சாவார் எண்டு சொல்லுகினம். என்ன மாமி, சிரிக்கிறியள்?"

ஓம், சிரித்தேன். குலத்தின் படத்துக்கு விளக்கேற்றினேன். சவ்வரிசி ஊறப்போட்டுப் பாயாசம் காய்ச்சினேன். இன்றைக்கு என்ன விசேஷம் என்று நீ கேட்டாய், சும்மா என்றேன், நீ இரண்டு கோப்பை குடித்தாய். அடுத்த நாள் மதியம் திரியைத் திறந்தேன். அடித்தவர்களில் ஒருவன் முதல்நாள் இரவே பெருமையடித்து எழுதியிருந்தான், எத்தனை அடி, எங்கே, அவர் எப்படி அழுதார் என்று. அதற்குக் கீழே வேறொருவர், பொலிஸ் விசாரிக்கிறதாம் என்று எழுதியிருந்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. கேட்டுக்கொள், மகன்: அவரை நினைத்துப் பயம் வரவில்லை, என்னை நினைத்துத்தான். அழி என்ற பொத்தானை அமத்தினேன். உண்மையாகவே அழிக்கவா என்று கேட்டது. ஓம் என்றேன். நூற்று அறுபத்துமூன்று பதிலும் ஒரேயடியாகப் போயின. வெட்டு என்றவன், இலக்கம் எழுதினவன், அடித்தேன் என்றவன், பொறுங்கோ என்று கெஞ்சினவர், எல்லோரும் போனார்கள். போய்ப் படுத்து நித்திரை கொண்டேன்.

அடி விழுந்து பத்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வினாகிரியைத் தேடி வரவில்லை, நிர்வாகியைத் தேடி வந்தாள். குசினிக் கதிரையில் இருந்தாள். நான் தேத்தண்ணி போட்டேன்.

"அண்ணா, அந்தத் திரி எங்க?"

"எழுதினவை அழிச்சுப்போட்டினம், தங்கச்சி. தொடங்கினவைக்கு அழிக்கிற உரிமை இருக்கு. எங்கட விதி அப்பிடி."

"அதில என்ர அப்பான்ர வீட்டு நம்பரைப் போட்டது ஆரெண்டு இருந்தது. அடிச்சுப்போட்டு வந்து எழுதினதும் இருந்தது. பொலிஸ் அதைத்தான் கேக்குது. நான் வாசிக்கேக்க படம் எடுத்து வைக்கத் தோணேல்ல. அப்பாவுக்காக ஒருத்தர் எழுதினவர், விரல் இங்கதான் போனது எண்டு. அவர் ஆரெண்டும் தெரியாது. அதையும் சேத்தெல்லோ அழிச்சிருக்கினம்?"

அவள் கைப்பையிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்தாள். ஆஸ்பத்திரித் தாள். "அன்ரி, உங்களுக்கு இங்கிலீஷ் கஷ்டமெண்டா நான் சொல்லுறன்" என்று, நான் கேட்காமலே எனக்கு விளங்கப்படுத்தினாள். இடது கால், சின்னவிரல், வேலைத்தளத்தில் நசுங்கி எடுத்தது. அது நடந்தது அவர் இந்த நாட்டுக்கு வந்த நான்காவது வருடத்தில். அப்படியென்றால் எங்கள் ஊர் மைதானத்தில் அந்தச் சாக்கு தலையாட்டிய நாளில் இவருக்குப் பத்து விரலும் இருந்திருக்கிறது. நான் அவளுக்கு முன்னால் கோப்பையை வைத்தேன். "சீனி காணுமே, பிள்ளை, இன்னும் போடவோ?" என்று கேட்டேன். அவள் இருந்த முக்கால் மணித்தியாலத்தில் என் வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான்.

"இப்பவும் கோயில்ல அம்மாவுக்குப் பக்கத்தில ஒருத்தரும் இருக்கினமில்லை, அன்ரி" என்றாள் போகும்போது. "திரி அழிஞ்சிட்டுது. ஆனா வாசிச்ச சனத்தின்ர மண்டைக்குள்ள இருக்கிறது அழியேல்லயே."

கதவைச் சாத்திவிட்டு நீ திரும்பினாய். "வினாகிரி ஆர்?"

"எனக்கென்ன தெரியும்?"

"எங்கட வீட்டு இணைப்பில இருந்துதான் எழுதியிருக்கு. அவ வந்து கேப்பா எண்டு தெரிஞ்சு நேற்றுத்தான் பாத்தனான். பொய் சொல்லாதேங்கோ!"

"ஓமடா, நான்தான்! குலத்துக்கு நீ என்ன செய்தனி? ஒரு நாளாவது அவனுக்காக அழுதனியே?"

"ஒரு கிழவனைக் கொல்லப் பாத்திருக்கிறியள், அம்மா! பாயாசம் காய்ச்சி எனக்கும் பருக்கினனீங்கள்!"

கதிரையைத் தூக்கி எறிந்தாய். அது என் காதோரம் போய்ச் சுவரை உடைத்தது. என்னை நோக்கித்தான் எறிந்தாய் என்று நான் சொல்லவில்லை. நான் உன் முகத்தில் இரண்டு அறை அறைந்தேன், மோதிரம் பட்டு உன் உதடு கிழிந்தது. உன் பிள்ளை அறைக்குள் நின்று வீரிட்டது. நீ நிலத்தில் இருந்துகொண்டு, இரத்தத்தைத் துடைத்துத் துடைத்துச் சொன்னாய்: "ஒவ்வொரு வெள்ளியும் காலமை களத்தைப் பிரதி எடுக்கிறனான். நீங்கள் அழிச்சது மத்தியானம். எல்லாம் அதில இருக்கு. ஆனா அது வெளிய வராது. வந்தா நீங்கள் உள்ள." அன்றிலிருந்து நாம் பேசவில்லை. அந்தப் பிரதி இருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டியை மெல்பேர்ண் சாமான்களோடு, பிள்ளையின் துவாய்களுக்கு நடுவில் வைத்து ஒட்டினாய். அதற்குப் பிறகுதான் இந்த வாக்கெடுப்பு. அழிக்கலாம் என்று ஊர் சொல்லிவிட்டால் உன் மனம் ஆறும். அப்படித்தானே?

நீ என்னைக் காப்பாற்ற நினைத்தாய் என்று தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. கேட்பவர்களுக்கு சைக்கிளால் விழுந்தது என்று சொல்வாய். குலம் செத்த அடுத்த வருடம், நீ காவலரணில் துவக்கோடு நின்றவர்களிடம் பிஸ்கட் வாங்கித் தின்றாய் என்று அடுத்த வீட்டுக்காரி வந்து சொன்னாள். நான் உன்னைக் கேட்கவில்லை. அகப்பைக் காம்பு உடையும்வரை அடித்தேன், உடைந்த முனை புருவத்தைக் கிழித்தது. அடுத்த நாள் தெரிந்தது, அது நீ இல்லை, அவளுடைய பெடியன். நான் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. முட்டை ஒன்று பொரித்துத் தந்தேன். நீ தின்றாய், நானும் முடிந்தது என்று விட்டேன். முடியவில்லை. அன்று கேட்காமல் அடித்த அதே கைதான் இந்தக் களத்திலும் எழுதியது. ஒரு அகப்பைக் காம்புக்குப் பதிலாக இப்போது மூன்று பெடியங்கள், மட்டை, செங்கல்.

உன் கேள்விக்கு வருகிறேன். அழிக்கவே கூடாது என்று எழுதுபவர்களுக்குப் படகில் அகதியாக வந்த ஒரு தம்பியைத் தெரியாது. தான் வந்த வழி, கூட வந்தவர்களின் பெயர், ஊர் எல்லாவற்றையும் ஆத்திரத்தில் இங்கே எழுதினான். அதை வாசித்த யாரோ ஊரில் அவன் மனைவியைத் தேடிப்போய், கதவை உடைத்து, தலைமயிரில் பிடித்து இழுத்து அடித்தார்கள். அவன் தொலைபேசியில் உன்னிடம் அழுதான், நீ அந்த நிமிடமே அழித்தாய். அன்று நீ விதி பார்க்கவில்லை, அது சரி. இனியும் அப்படிச் செய். தன் சொல்லால் ஒருவருக்கு அடி விழும் என்று பயந்து அழிப்பவனை மறிக்காதே. நான் அழித்தது அடி விழுந்த பிறகு. அடித்தவன் யார், அடி என்று சொன்னவள் யார் என்று தெரியாமல் இருக்க அழித்தேன். இரண்டுக்கும் ஒரே பொத்தான் வைத்திருக்கிறாய், அதுதான் பிழை. என் வாயால் வந்ததை நான் விழுங்கலாம். எனக்குக் கீழே அத்தனை பேர் சொன்னதையும் சேர்த்து விழுங்க எனக்கு யார் உரிமை தந்தது? அந்தப் "பொறுங்கோ" என்ற மனிதர் சொன்னதை அழிக்க நான் யார்? ஒருவனின் பெயரைக் கெடுத்து எழுதினால் அந்தப் பெயருக்கு உரியவன் கேட்காமல் அது அழியக்கூடாது. அவன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போகவேண்டும், கோயிலுக்குப் போகவேண்டும், இதுதான் என்மேல் சொன்ன பொய் என்று காட்டவேண்டும். என் வாக்கு, கூடாது. விதியை எப்படி எழுதுவது என்று படித்த நீங்கள் பாருங்கள்.

இனி நீ கோபப்படப்போகும் விஷயம். நேற்றுக் காலை நீ வேலைக்குப் போன பிறகு நான் அந்தப் பெட்டியின் ஒட்டைப் பிரித்தேன். துவாய்க்குள் இருந்த கறுப்புப் பெட்டியை என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறி மெரிலேண்ட்ஸுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்தாள்.

"அன்ரி? என்ன தனிய வந்திருக்கிறியள்? வாங்கோ உள்ள."

"இதுக்குள்ள அந்தத் திரி இருக்கு, பிள்ளை. முழுக்க இருக்கு."

"அண்ணா தந்துவிட்டவரே?"

"இல்லை, நான் களவெடுத்தனான். எழுதினது நான். அழிச்சதும் நான்."

விளங்கியதும் அறைந்தாள். என் மூக்குக்கண்ணாடி கதவில் பட்டு உடைந்தது, காதுக்குள் கூவியது. இரண்டாவது முறையும் கையை ஓங்கி, அந்தக் கையைத் தன் மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, "உங்கட கையால தேத்தண்ணி குடிச்சனான்" என்று கத்தினாள். "சீனி காணுமே எண்டு கேட்டனீங்கள்!" நான் அசையவில்லை. அடிக்கட்டும் என்றுதான் போனேன்.

சத்தம் கேட்டு உள்ளே இருந்து மேசையில் தட்டினார்கள். அவர்தான். தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறது, இரண்டு காலிலும் மாவுக்கட்டு, பேச முடியாது. மகள் எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னாள். அவர் ஒரு கொப்பியை இழுத்து எழுதி என் பக்கம் தள்ளினார். உடைந்த கண்ணாடியைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து வாசித்தேன். "குலம் என்ர கடைக்கு சைக்கிளுக்கு காத்தடிக்க வாறவன். அண்டைக்கு அந்த வரிசையில நானும் வந்தனான். அவனுக்கு மூண்டு ஆள் பின்னால." நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் இவருடைய காலும் எனக்கு முன்னால் நடந்து போயிருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கோ என்று சொன்னேன். அவர் கொப்பியை மூடினார். எனக்கு அதற்குமேல் கேட்க உரிமை இல்லை. மகன், நேற்றிலிருந்து எனக்கு ஒரு புதுக் கஷ்டம். கண்ணை மூடினால் அந்தச் சாக்குப் போட்டவனின் காலில் சில நேரம் நான்கு விரல் இருக்கிறது, சில நேரம் ஐந்து இருக்கிறது. மண் மூடியிருந்ததோ, நான்தான் பிறகு வெட்டி எடுத்தேனோ தெரியவில்லை. குலத்தைக் காட்டிக்கொடுத்தவன் யார் என்று அறியாமலே சாகப்போகிறேன். அவனுக்குக் கொடுக்கவேண்டியதை இந்த மனிதருக்குக் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அவளோடு பொலிசுக்குப் போகிறேன். மொழிபெயர்க்க ஆள் வைப்பார்களாம், நீ வரவேண்டாம். வினாகிரி நான் என்று சொல்வேன். நீ ஏன் மறைத்தாய் என்று அவர்கள் உன்னைப் பற்றிக் கேட்டால், தாய் என்பதால் மறைத்தான், நான்தான் பெட்டியை எடுத்தேன் என்று உள்ளதைச் சொல்வேன். என் விமானச்சீட்டை நிற்பாட்டு. நீ சனிக்கிழமை போ, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தொடங்குகிறது. இங்கே வாசிப்பவர்களுக்கும் சொல்கிறேன்: அந்த ஐயா தலையாட்டி இல்லை. நான் சொன்னது பொய். அவருடைய மனைவி கோயிலில் இருந்தால் பக்கத்தில் போய் இருங்கள். இருக்க மனமில்லாதவர்கள் என்னைத் தள்ளிவைக்கட்டும், ஆள் நான்தான்.

உன் விதி இன்னும் மாறவில்லை. இதை நான் போட்ட பிறகும் இதற்குக் கீழே அந்தப் பொத்தான் இருக்கும். வியாழக்கிழமைக்குமுன் எனக்குப் பயம் வரும், என்னை எனக்குத் தெரியும். அதனால் உன் மனைவியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இது களத்தில் ஏறினவுடன் வினாகிரியின் கடவுச்சொல்லை மாற்று, எனக்குச் சொல்லாதே என்றேன். உன்னிடம் கொடுத்தால் நான் அழுதால் தந்துவிடுவாய். அவள் தரமாட்டாள். அவள் கலியாணம் முடித்து வந்த கிழமை, வீடு நிறைய ஆட்கள் இருக்க, அவள் வைத்த மீன்குழம்பைச் சட்டியோடு குப்பைக்குள் கொட்டினேன். அவள் இன்றுவரை அதை மறக்கவில்லை, நான் சாகும்வரை மறக்கவும் மாட்டாள். இந்த வீட்டில் என்னைப்போல் ஒருத்தி இருக்கிறாள் என்றால் அது அவள்தான்.

"வடிவா யோசிச்சனீங்களே, மாமி? பிறகு காலில விழுந்தாலும் தரமாட்டன்."

"தராதே."

"என்னைப் போட்டு அடிச்சாலும்?"

"அடிச்சாலும்."

"அப்ப சரி. கெதியா முடியுங்கோ, எனக்குச் சாமான் கட்டக் கிடக்கு."

என் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கிறாள். நான் எழும்புகிறேன். கணினிக்கு முன்னால் இனி அவள் இருக்கட்டும்.

அம்மா